கடைசிப் பக்கத்தில் இல்லாத பெயர்

அச்சகத்துப் பெட்டி இன்று காலை வந்தது. கத்தியால் ஒட்டுநாடாவைக் கீறி மூடியைத் திறந்ததும் அந்த மணம் வந்தது, புது மையும் வழவழப்பான தாளும் சேர்ந்த மணம். உனக்கு அது பிடிக்கும். குடித்துக்கொண்டிருந்த கோப்பியை அப்படியே வைத்துவிட்டு முதல் பிரதியை எடுத்து மூக்கோடு சேர்த்து மணப்பாய். பிறகு அட்டைப் படத்தைக்கூடப் பார்க்காமல் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புவாய். அங்கே அச்சகத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். "இருக்கிறார் துரை" என்று அச்சகக்காரரை நக்கலடித்துவிட்டுத்தான் மற்றப் பக்கங்களுக்குப் போவாய்.

இந்த முறை அட்டையில் இருப்பது நீ. மகனின் கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டார்கள். உன் தோளில் என் விரல் நுனி மட்டும் மிச்சம் இருக்கிறது. நான் இன்னும் கடைசிப் பக்கத்தைத் திருப்பவில்லை. திருப்புவதற்கு முன் உன்னோடு கொஞ்சம் கதைக்க வேண்டும். கோபமாகத்தான் கதைப்பேன், பொறுத்துக்கொள்.

சிட்னியின் டூங்கபியில் அடுத்தடுத்த தெருவில் இருந்துகொண்டு நீயும் நானும் எழுதிப் பிழைத்தோம். பிழைத்தோம் என்பது பெரிய சொல். காலையில் நீ ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் சமைத்தாய், நான் மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டினேன். மத்தியானத்துக்குப் பிறகுதான் எழுத்து. அரங்கேற்ற மலர், கோயில் மலர், அரசாங்கத் துண்டுப்பிரசுரங்களின் மொழிபெயர்ப்பு, யாரோ ஓர் அங்கிளின் அறுபதாம் பிறந்தநாளுக்கு வாழ்த்துரை. "சும்மா ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ, உங்களுக்கு அஞ்சு நிமிச வேலைதானே" என்று கேட்காதவர்கள் குறைவு. குழாய் திருத்த வருகிறவனிடம் இவர்கள் இப்படிக் கேட்பார்களா என்று நீ என்னிடம்தான் கத்துவாய். நானா கேட்டேன்?

எங்களுக்கு ஓரளவு நிலையாக வந்த வேலை கல்வெட்டுத்தான். எங்கள் ஆட்கள் இறந்தவரின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகம். தேவாரம், பஞ்சபுராணம், குடும்பப் படங்கள், நடுவே அந்த மனிதரின் வாழ்க்கை. அந்த நடுப் பக்கங்களை எழுதுவது நாங்கள். அச்சகக்காரர் கூப்பிட்டுச் சொல்வார், நாங்கள் துக்கவீட்டுக்குப் போவோம். சாவும் அவசரமும் ஒன்றாக வரும் வேலை அது.

நான் ஹோலில் உட்கார்ந்து பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பெற்ற பிள்ளைகள் என்று கேட்டு எழுதிக்கொண்டிருப்பேன். நீ குசினிக்குள் போய்விடுவாய். தேநீர்க் கோப்பைகளைக் கழுவுவதுபோல் நின்றுகொண்டு அந்த வீட்டுக்காரியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பாய். "அன்பு எல்லாருக்கும் இருக்கும், அதை விடுங்கோ. அவருக்குக் கோபம் வந்தா என்ன செய்வார்?"

அந்த மீசைக்கார அங்கிளின் வீடு உனக்கு நினைவிருக்கும். செத்தவீடு நடந்த நாளிலிருந்து அவருடைய மனைவி வாய் திறக்கவில்லை என்றார்கள். நீ கேட்டதும் சிரித்துவிட்டா. கோபம் வந்தால் அவர் ஒரு சொல்லும் பேசமாட்டாராம், வெளியே போய்க் காரைக் கழுவுவாராம். சிட்னியில் தண்ணீர்க் கட்டுப்பாடு இருந்த காலத்தில் குழாயைத் தொட முடியாது, வாளியோடு போவாராம். மகள் தானாகவே ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்ட வருசம் இந்தத் தெருவிலேயே தங்கள் கார்தான் பளபளவென்று நின்றது என்று சொல்லிச் சொல்லி அழுதா. நீ அதை அப்படியே எழுதினாய். முப்பத்தோராம் நாள் அந்த மண்டபத்தில் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சனம் அந்தப் பக்கத்தை வாசித்தது. அந்த மகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எழும்பாமல் இருந்தாள்.

எல்லாரும் அச்சகக்காரரின் கையைப் பிடித்து, அருமையாகச் செய்திருக்கிறீர்கள் என்றார்கள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டார். நீயும் நானும் பக்கத்து மேசையில்தான் இருந்தோம்.

அடுத்த நாள் நீ என்னையும் இழுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனாய். வாசலிலேயே ஆரம்பித்தாய். "தங்கள் அச்சகத்தின் பெயர் அச்சிடப்படும் பக்கத்தில் எழுதியவரின் பெயரும் அச்சிடப்பட வேண்டும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்." ஏதோ செய்தி வாசிக்கிறவள்போல் நின்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ அக்கா. கல்வெட்டில எழுதினவையின்ர பேர் போடுற வழக்கம் இல்லை. துக்கவீட்டில ஆரும் விளம்பரம் செய்வினமோ?" என்றார். அப்படியென்றால் உங்கள் தொலைபேசி எண் என்ன, திருவாசகமா என்று நீ கேட்டாய். அது அச்சு வேலை, அது வேறு என்றார் அந்த மனிதர். அவருக்குக் கூச்சமே இல்லை.

பெயர் வேண்டும் என்று நீ நின்றது பெருமைக்கு இல்லை. அது எனக்குத் தெரியும். புத்தகத்தில் பெயர் இருந்தால் அடுத்த துக்கவீட்டுக்காரர் உன்னைத் தேடி வருவார். பெயர் இல்லாவிட்டால் அச்சகத்தைத் தேடிப் போவார். எங்களுடைய வேலை எங்களுக்கு வரும் வழியை அந்த மனிதர் கடைசிப் பக்கத்திலேயே அடைத்து வைத்திருந்தார். நாங்களும் வேறு வழியில்லாமல் எழுதிக்கொடுத்துக்கொண்டே இருந்தோம்.

பிறகுதான் எழுதும் இயந்திரங்கள் வந்தன. மொழிபெயர்ப்பு நிறுவனம் முதலில் வேலையைக் குறைத்தது. பிறகு, இயந்திரம் மொழிபெயர்த்துவிடும், நீங்கள் பிழை பார்த்தால் போதும் என்றது. பிழை பார்ப்பதற்கு முழுவதையும் திரும்ப எழுத வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அச்சகக்காரர் ஒரு படி மேலே போனார். புத்தகம் அடித்தால் எழுத்து இலவசம் என்று கடைக் கண்ணாடியில் ஒட்டினார். சனம் ஆச்சரியப்படவே இல்லை. ஏன் படவேண்டும்? இவ்வளவு காலமும் அவர்தான் எழுதுகிறார் என்று நினைத்தவர்கள்தானே. அந்த அறிவித்தலின் முன்னால் நின்று நீ சொன்னதை நான் இங்கே எழுதமாட்டேன். செய்தித் தமிழில் அதற்குச் சொல் கிடையாது.

நீ போனது அதற்குப் பிறகு வந்த குளிரில். வேலையிடத்துக் குசினியில் பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்தாயாம். அவ்வளவுதான். சொல்லாமல் கொள்ளாமல் போனதற்காக உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்.

உன் மகன் மெல்பேர்ன் பக்கத்துக் கிரெய்கிபர்னிலிருந்து வந்தான். காரியம் முடிந்து கொஞ்ச நாளில் எனக்கு ஒரு கோப்பு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டான். "அன்ரி, அம்மான்ர கல்வெட்டு, டிராஃப்ட் ரெடி. பிரிண்டர் அங்கிள் ஃப்ரீயா செய்து தந்தவர். நீங்க ஒருக்கா செக் பண்ணினா காணும்."

திறந்து வாசித்தேன். கடலலைகள் தாலாட்டும் அழகிய சிற்றூரில் நீ பிறந்தாயாம். எடியே, நீ பிறந்தது கொழும்பு வெள்ளவத்தையில், ரயில் பாதைக்குப் பக்கத்து அனெக்ஸில். உங்கள் வீட்டுக்குள் தாலாட்டியது கோச்சி ரயிலின் சத்தம். பண்பின் சிகரமாம், பொறுமையின் பூமியாம். கடைசிப் பந்தியில் எழுதியிருந்தது: "அமைதியே உருவான அன்னார் யாரிடமும் கோபம் கொண்டு அறியாதவர்."

நீயா? மடிக்கணினியை மூடிவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். எத்தனையோ வீட்டுக் குசினியில் நின்று மனிதர்களின் கோபத்தைக் கேட்டு வாங்கி அவர்களை மனிதர்களாக எழுதியவளுக்கு, கோபமே இல்லாத ஒரு பொம்மையைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். அதற்கு நான் பிழை திருத்த வேண்டுமாம்.

உன் மகனிடம் கத்த நினைத்துக்கொண்டுதான் உன் வீட்டுக்குப் போனேன். கத்த முடியவில்லை. பிள்ளை ஷேவ் எடுக்காத முகத்தோடு கதவைத் திறந்தான். உன் கணவர் சாப்பாட்டு மேசையில் இருந்தார். நான் நேரே குசினிக்குள் போனேன், கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன். மகன் துடைக்க வந்தான். நீ கேட்பதையே அவனிடம் கேட்டேன். அம்மாவுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வா?

ஒரு கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தான். "நியூஸ் வாசிப்பா, அன்ரி" என்றான். பிறகு உன் குரலிலேயே சொல்லிக் காட்டினான். "உனது அறை இன்னும் சுத்தம் செய்யப்படவில்லை என்பதை நான் அவதானித்துள்ளேன்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சகத்தில் நான் கேட்ட அதே தமிழ். அது அன்றைக்கு மட்டும் வந்தது என்று இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறேன், உன் வீட்டில் அது தினசரி ஒலிபரப்பு.

மேசையிலிருந்து உன் அவர் குரல் கொடுத்தார். "எனக்கு 'தாங்கள்' வரும். தாங்கள் உணவருந்தலாம் எண்டு சொன்னா எண்டால், அண்டைக்கு நான் துலைஞ்சன்." சொல்லி முடித்ததும் சிரித்தார். சிரித்தவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மகன் போய் அவர் முதுகைத் தடவினான். அவன் என்னைப் பார்க்காமலே, தன்னைப் பொறுத்தவரை அந்த நியூஸை இன்னும் ஒரு தடவை கேட்டால் போதும் என்றான்.

அன்றே எழுதத் தொடங்கினேன். முதல் வரி, "இவருக்குக் கோபம் வரும்." வெள்ளவத்தைக் கோச்சியை எழுதினேன், செய்தித் தமிழை எழுதினேன். இந்த ஊரில் நீங்கள் அலமாரியில் வைத்திருக்கும் கல்வெட்டுகளில் முக்கால்வாசியை எழுதியவர் இவர்தான் என்று எழுதினேன். மகன் வாசித்துவிட்டு ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம் என்றான். நான் ஒன்றுதான் கேட்டேன், கடைசிப் பக்கத்தில் எழுதியவரின் பெயர் வரவேண்டும். உன் அம்மா கேட்டுக் கிடைக்காமல் போனது என்றேன். கட்டாயம் அன்ரி என்றான்.

இரண்டு நாள் கழித்து அச்சகக்காரர் என்னைக் கூப்பிட்டார். குரலில் சீனி. இனிமேல் கல்வெட்டு எல்லாவற்றையும் இயந்திரம் எழுதும், பிழை பார்க்க நம்பிக்கையான ஆள் ஒருவர் வேண்டும், மாதா மாதம் வேலை இருக்கும் என்றார். மருந்துக் கிடங்கிலும் என் மணித்தியாலங்களைக் குறைத்திருக்கிறார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருக்க வேண்டும். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். "இந்தப் பேர் விசயத்தை விடுங்கோ அக்கா. ஒருத்தருக்குப் போட்டா எல்லாருக்கும் போட வேணும். எங்களுக்குள்ள நல்லா இருப்பம்."

அந்த வேலை எனக்கு வேண்டும். உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். வாடகையும் மின்சாரமும் எனக்காகத் துக்கம் கொண்டாடிக்கொண்டு நிற்கப் போவதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

சரி, இப்போது திருப்புகிறேன்.

இல்லை. அச்சகத்தின் பெயர் இருக்கிறது. தொலைபேசி எண், இணைய முகவரி, மூன்று நிறத்தில் சின்னம், எல்லாம் இருக்கிறது. என் பெயர் இல்லை. உன் மகனைக் கூப்பிட்டேன். தான் அனுப்பியதில் இருந்தது என்று அவன் சத்தியம் செய்கிறான். இடம் காணாது என்று அங்கிள் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டாராம். திருப்பி அடிக்க நேரமும் இல்லை, நாளை மறுநாள் சாப்பாடு. பக்கத்தில் பாதி வெள்ளையாகக் கிடக்கிறது, இடம் காணாதாம்!

நடுப் பக்கங்களைப் பதறிக்கொண்டு புரட்டினேன். கல்வெட்டுகளை எழுதியவள் நீ என்ற வரி அப்படியே இருக்கிறது. உள்ளே இருப்பதை அவர் வாசிப்பதில்லை, வாசித்திருந்தால் அதையும் எடுத்திருப்பார். ஆக, எழுதியவள் என்று உன் பெயர் அச்சில் வந்த ஒரே கல்வெட்டு உன்னுடையதுதான். அதற்கு நீ சாக வேண்டியிருந்தது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவரைக் கூப்பிட்டேன். வாயைத் திறந்தால் என்ன வந்தது தெரியுமா? "தாங்கள் வழங்க முன்வந்த பணியை ஏற்பதற்கில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்." அந்தத் தமிழை அவர் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டவர்தானே. வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன். பிறகு அடுத்த மாத வாடகை நினைவு வந்தது, சிரிப்பு நின்றது.

இப்போது பெட்டியை மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பிரதியாக எடுத்துக் கடைசிப் பக்கத்தில், அவருடைய சின்னத்துக்கு நேர் மேலே, "எழுதியது" என்று போட்டு என் பெயரையும் கீழே என் தொலைபேசி எண்ணையும் கறுப்பு மையால் எழுதுகிறேன். வழவழப்பான தாள், மை சுலபத்தில் காயாது. நாளை மறுநாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் விரலிலும் வேட்டியிலும் ஒட்டும். ஒட்டட்டும்.