நவமணிக்கு ஓர் அர்ச்சனை

ஜூன் 8, ஞாயிறு

மதியத்திலிருந்து மழை. மின்சாரம் இல்லை. மடிக்கணினியில் மிச்சமிருந்த பேட்டரியில் ஜப்பானிய நாடகத்தின் நான்காம் பாகத்தைப் பார்த்து முடித்தோம். நான் பார்த்தேன், அம்மா கேட்டார் என்று எழுதுவதுதான் சரி. அம்மாவுக்கு ஜப்பானிய மொழியும் தெரியாது, கீழே ஓடும் ஆங்கில வரிகளும் படிக்க வராது. அவர் பயற்றங்காய் நறுக்குவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன்.

"யாரு இவன்? அத மொதல்ல சொல்லு."

"கம்பெனி மேனேஜர்மா. பாட்டுக்காரிங்கள தேடிப் பிடிக்கிறவரு."

"சரி. அந்தப் புள்ள சாப்பிட்டுச்சா?"

எந்த நாடகமானாலும் அம்மா இதைக் கேட்காமல் விடமாட்டார். யார் அழுதாலும், யார் ரயில் ஏறினாலும், முதலில் சாப்பிட்டார்களா என்று தெரியவேண்டும்.

கதாநாயகி நவோமி. மீன்பிடி ஊர்க்காரி. எண்பதுகளில் டோக்கியோவுக்குப் போய்ப் பாடகியாக ஆசைப்படுகிறாள். துணி காயப்போடும்போது அருமையாகப் பாடுவாள். நாலு பேர் முன்னால் நின்றால் குரல் வராது. அம்மா வாயில் நவோமி நுழையவில்லை. முதல் நாளிலிருந்தே அவள் நவமணிதான்.

ஜூன் 11, புதன்

பகாவ் டவுனுக்கு வேலைக்குப் போகும் பேருந்தில் வழி நெடுகப் பழைய ஜப்பானியப் பாட்டுகள். எங்கள் செம்பனைத் தோட்டத்துக்கும் ரிப்பன் கட்டிய ஜப்பானியப் பெண்களுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டால் எனக்கும் பதில் தெரியாது.

இந்தக் காலத்துக் குரல்களில் ஒரு சுருக்கம்கூட இருப்பதில்லை, இஸ்திரி போட்ட மாதிரி. அந்தக் காலத்து இளம் பாடகிகள் அப்படியில்லை. மேலே போகவேண்டிய இடத்துக்கு முன்னால் மூச்சு வாங்குவது கேட்கும். குரல் லேசாக ஆடும். உப்பிய கைவைத்த சட்டையும் வெள்ளைக் காலுறையுமாக, பயத்தோடு சிரித்துக்கொண்டே பாடி முடித்துவிடுவார்கள். அந்த ஆட்டத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்கிறேன்.

பல்கலைக்கழக விடுதியில் ஒருமுறை போட்டுக்காட்டினேன். "பூனைக்குட்டி வாலை மிதிச்ச மாதிரி இருக்குடி" என்றாள் அறைத்தோழி. அதற்குப் பிறகு யாருக்கும் போட்டுக்காட்டியதில்லை. அம்மாவைத் தவிர.

ஜூன் 20, வெள்ளி

கோயிலில் முத்தாயி பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்தில் அம்மாவோடு செம்பனையின் உதிர்ந்த பழம் பொறுக்கும் கூட்டத்தில் மூத்தவர். காது சரியாகக் கேட்காது, அதனால் எல்லாவற்றையும் உரக்கத்தான் பேசுவார்.

"ஏம்மா குமுதா, அந்த நவமணிப் புள்ள ஒன்கூட யூனிவர்சிட்டியில படிச்சதா?"

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். தினமும் பத்து மணி ஓய்வில், செம்பனை நிழலில், நான் சொன்ன கதையை அப்படியே அந்தப் பெண்களுக்குச் சொல்லிவருகிறாராம்.

"நாடகம்னு சொல்லலியாம்மா?"

"நாடகம்னா ஒழுங்கா கேக்க மாட்டாளுங்க லா."

ஜூலை 2, புதன்

மின்னஞ்சல் வந்திருக்கிறது. கோலாலம்பூரை ஒட்டிய பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நிறுவனம். வெளிநாட்டு நாடகங்களுக்குத் தமிழ் வரிகள் எழுத ஆள் வேண்டுமாம். இருபத்தொன்றாம் தேதி நேர்முகத் தேர்வு.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

போன வருடம் இரண்டு நேர்முகத் தேர்வுகளுக்குப் போனேன். முதல் முறை அம்மா பாயசம் காய்ச்சி வீடு வீடாகக் கொடுத்தார். அங்கே என்ன நடந்தது? "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்திய மாதிரி. தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன், நன்றி சொன்னேன். அவ்வளவுதான். இரண்டாவது முறையும் அதே கதை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதல் பட்டதாரி, பகாவ் கடையில் போட்டோஸ்டாட் எடுக்கிறாள். கேட்டவர்களிடமெல்லாம் அம்மா, "முன்னாடியே வேற ஆள் எடுத்துட்டாங்களாம்" என்று எனக்காகப் பொய் சொன்னார். தோற்றதைவிட அந்தப் பொய்தான் சுடுகிறது. இந்தத் தடவை தோத்தா நான் மட்டும் தோத்துக்கிறேன், போதும்.

கிடைத்துவிட்டால்? அப்பா போனபிறகு அம்மாவுக்கு நான்தானே. அதை இப்போது யோசிக்கவேண்டாம்.

ஜூலை 9, புதன்

குளியலறையில் பயிற்சி. தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான். பெயர் வரைக்கும் வருகிறது.

ஜூலை 13, ஞாயிறு

அம்மா இல்லாத நேரத்தில் அடுத்த பாகத்தைப் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக்கூடாது. போட்டி மேடையில் நவோமி வாயைத் திறக்கவே இல்லை. இசை ஓடி முடிகிறது. தலைகுனிந்து வணங்கிவிட்டு இறங்கிப் போகிறாள்.

"இன்னைக்குப் போட்டிதானே? போடு" என்று அம்மா வந்து உட்கார்ந்தார்.

"லைன் இல்லம்மா."

"அங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காளுங்க. முத்தாயிக்கு நேத்து சோறே எறங்கல."

கைப்பேசியில் இணைப்பு நன்றாகவே இருந்தது. நாலு கோடும் நின்றது.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கூழ் வாசம் தெருமுனை வரை. அம்மாவின் கூட்டத்துப் பெண்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து ஓர் அர்ச்சனைத் தட்டோடு வந்து நின்றார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியாது. பூசாரி மணியம் தட்டை வாங்கினார்.

"பேரு?"

"நவமணி" என்றார் முத்தாயி பெரியம்மா, கோயில் முழுக்கக் கேட்கும்படி. "பாட்டுப் போட்டிக்குப் போவுது. பயந்த புள்ள."

எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"ராசி, நட்சத்திரம்?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இதை யாரும் யோசித்திருக்கவில்லை.

"ஜப்பான்ல பொறந்த புள்ளைக்கு என்னா நட்சத்திரம் லா?" என்றார் அவர்களில் ஒருவர்.

"துலா ராசி, சுவாதி நட்சத்திரம்" என்றார் அம்மா.

கொஞ்சமும் தயங்கவில்லை. கண்ணை மூடிக் கைகூப்பியபடியே சொன்னார்.

அது என் நட்சத்திரம். சிறுவயதிலிருந்து அந்த நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்துவருபவர் பூசாரி. என்னை ஒரு பார்வை பார்த்தார். சுவாதி நட்சத்திரம், துலா ராசி, நவமணி என்று ஆரம்பித்தார்.

அம்மாவுக்குத் தெரியும். எப்படி? தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டுவிட்டதா? அலமாரியில் இஸ்திரி போட்டு மாட்டிய சட்டையா? எவ்வளவு நாளாகத் தெரியும்? மணி அடித்தது. அழுகை வந்தது. கற்பூரப் புகை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஜூலை 21, திங்கள்

கடைக்குச் சரக்கு எடுக்கச் சிரம்பானுக்குப் போகிறேன் என்று சொல்லிவைத்திருந்தேன். பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, அம்மா இருட்டோடு கிளம்பவேண்டியவர், வாசலில் நின்றுகொண்டிருந்தார். காகிதத்தில் மடித்த திருநீறு.

"நவமணிக்கு வேண்டினது. அவ்வளவு தூரம் எப்படிக் கொண்டுபோய்க் குடுக்கிறது? நீ வச்சிக்க."

வாங்கிக்கொண்டேன்.

தேர்வில் மூன்று பேர். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்." அதே கதவு, அதே சாத்தல். தண்ணீர்கூட நகர்த்திவைத்தார்கள். முடிந்தது என்றே நினைத்தேன்.

பிறகு ஒரு துண்டுக் காட்சியைப் போட்டார்கள். கொரிய நாடகம், ஆங்கில வரிகள். "இதில் என்ன நடக்கிறது? உங்கள் தமிழில் சொல்லுங்கள்."

ஒரு வீடு. மேசையில் ஒரு கிழவர். ஒரு பெண் கதவருகே நிற்கிறாள். யாரு இவன், அத மொதல்ல சொல்லு என்று காதுக்குள் கேட்டது. "இவர் அவளோட மாமனார்" என்று தொடங்கினேன். குரல் ஆடியது. "மகன் இறந்த பிறகு இவ ஊருக்குப் போகப்போறா. அதைச் சொல்ல வந்திருக்கா. ஆனா இவ இன்னும் சாப்பிடலை. அவருக்கு அதுதான் கவலை. பாருங்க, கிண்ணத்தை அவ பக்கம் தள்ளுறாரு."

நடுவில் இருந்த அம்மையார் காட்சியை நிறுத்தி, பின்னால் ஓட்டி, அந்தக் கிண்ணத்தை மறுபடி பார்த்தார். "நான் இதைக் கவனிக்கலையே" என்றார்.

அதற்குப் பிறகு நான் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

அம்மா பயற்றங்காயோடு வந்து உட்கார்ந்தார். போட்டேன். நவோமி மேடையில் நின்றதை, வாய் திறக்காததை, வணங்கி இறங்கியதை உள்ளபடியே சொன்னேன்.

அம்மா நறுக்குவதை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்தார்.

"போவட்டும். அடுத்த தடவ பாடுவா." கத்தி மறுபடி நகர்ந்தது. "நீ?"

"பேசிட்டேன்மா."

அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அம்மா மூக்கை உறிஞ்சினார். பயற்றங்காய்க்கு யார் கண்ணும் கரிக்காது.

ஆகஸ்ட் 6, புதன்

கிடைத்துவிட்டது. செப்டம்பர் முதல் தேதி.

சொன்னபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். "எப்பக் கெளம்பணும்?" என்றார். களைந்த அரிசியையே இன்னொரு முறை களைந்தார்.

"அப்ப இனிமே கதைய யாரு சொல்றது?"

அரிசிப் பானையை அவர் கையிலிருந்து வாங்கி அடுப்பில் ஏற்றினேன்.

மாலையில் முத்தாயி பெரியம்மா வேலியோரம் நின்று சத்தம் போட்டார். "அர்ச்சனை பண்ணியும் அந்தப் புள்ள வாயத் தெறக்கலியாமே! எங்க போச்சு விமலா நம்ம அர்ச்சனை?"

"எங்கேயும் போயிடலக்கா" என்றார் அம்மா.

ஆகஸ்ட் 30, சனி

பெட்டியில் அம்மா ஊறுகாய் வைக்கிறார். நான் எடுக்கிறேன். மறுபடி வைக்கிறார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்று வாடகை அறையில் தனியாகக் கடைசிப் பாகத்தைப் பார்த்தேன். பக்கத்தில் கேள்வி கேட்க ஆளில்லை. கதையில் வரும் அந்த மேனேஜர் சாப்பிட்டாரா என்று நானே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்று பத்து மணிக்கு அலுவலகப் படிக்கட்டில் நின்று அம்மாவை அழைத்தேன்.

"இரு, ஸ்பீக்கர்ல போடுறேன். எல்லாரும் இருக்காங்க."

காற்றில் செம்பனை ஓலைகள் உரசும் சத்தம். யாரோ தேநீர் ஊற்றுகிறார்கள். அம்மாவுக்கு மட்டும் சொல்லிப் பழகிய கதை. மெதுவாகத் தொடங்கினேன்.

"சத்தமா சொல்லு லா! கொசு பேசற மாதிரி இருக்கு!" முத்தாயி பெரியம்மா.

சத்தமாகச் சொன்னேன். ஊர்த் திருவிழா மேடை, மழை, குடையோடு நிற்கும் மீனவர்கள், நவோமியின் நனைந்த ரிப்பன். நவமணி பாடிவிட்டாள் என்றதும் அங்கே ஒரே கைதட்டல்.

"என்னா பாட்டு? பாடிக் காட்டு!"

படிக்கட்டில் மேலும் கீழும் பார்த்தேன். பாடினேன். மேலே போகவேண்டிய இடத்துக்கு முன்னால் மூச்சு வாங்கியது, குரல் ஆடியது. மேல்மாடிக் கதவைத் திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை.

முடித்தபோது மறுமுனையில் ஓலைச் சத்தம் மட்டும். பிறகு அம்மா கேட்டார்:

"அந்தப் புள்ள சாப்பிட்டுச்சா?"

"இன்னும் இல்லம்மா. இப்பத்தான் போறேன்."