நீர்நாய்ப் பொந்துக்கு வழி

மார்ச் 4

அன்புள்ள நெட்டையா,

உடம்பு எப்படி இருக்கு? முதுகுப் புண் ஆறிச்சா? அக்காவைக் கேட்டதாச் சொல்லு. நீ ஏணியில இருந்து விழுந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. பம்ப் ஹவுஸ்ல உன் நாற்காலியில இன்னும் யாரும் உட்காரலை. புதுசா வந்த ஆபரேட்டர் உட்காரப் போனான். ஒரு முறை முறைச்சேன், எழுந்துட்டான்.

விஷயம் என்னன்னா, ஆந்தை குஞ்சு பொரிச்சிருச்சு! மூணு. எட்டிப் பார்த்தா மூணும் ஒண்ணாக் கழுத்தைச் சாய்க்குதுங்க, விசாரணைக் கமிட்டி மாதிரி. ஏரித் தண்ணி இறங்கி, சேறு முழுக்க நாரை. நீ இருந்திருந்தா எண்ணியிருப்ப. எனக்கு நூறைத் தாண்டினாலே குழம்பிடுது.

உன்,
வாத்து


மார்ச் 19

டேய் வாத்து,

இங்க நாலாவது மாடி. எதிர்ல பீரோ, மேல ஃபேன். அக்கா காலையில சோத்தை எடுத்து வச்சுட்டு ஸ்கூலுக்குப் பாடம் நடத்தப் போனா, சாயந்திரம் வரைக்கும் அந்த ஃபேன்தான் எனக்குச் சொந்தபந்தம். உன் லெட்டர் வந்தாத்தான்டா நான் நடக்கிறேன். அதனால அரைகுறையா எழுதாதே. எந்த மரம்? ரோட்டுல இருந்து எத்தனை எட்டு? பொந்து எந்தப் பக்கம் பார்த்திருக்கு? படம் போட்டு அனுப்பு. கண்ணை மூடினா நான் அங்க போய் நிக்கணும்.

நெட்டை


ஜூலை 11

அன்புள்ள நெட்டையா,

உனக்கு எப்படி எழுதுறதுன்னு மூணு மாசமாத் தள்ளிப்போட்டேன். படம் அனுப்பின பத்தாம் நாள் ஆந்தைப் பொந்தை யாரோ கோடாலியால பிளந்துட்டாங்க. குஞ்சு மூணும் இல்லை. தாய் ஒரு வாரம் அந்தக் கிளையிலயே உட்கார்ந்திருந்துட்டுப் போயிருச்சு.

ஆனா இன்னைக்கு எழுதக் காரணம் இருக்கு. மழை பிடிச்சு ஏரி நிறைஞ்சிருச்சு. நாம இருபது வருஷமாத் தேடினது வந்திருக்குடா. நீர்நாய்! தாயும் ரெண்டு குட்டியும். மீனைக் கவ்விக்கிட்டு என்னைப் பார்த்துச்சு. "உனக்கெல்லாம் பங்கு கிடையாது"ங்கிற மாதிரி முதுகைக் காட்டித் திரும்பிக்கிச்சு. பழைய மதகுல இருந்து பன்னிரண்டு எட்டு, கல் இடுக்குல பொந்து. இதோட படம் வச்சிருக்கேன். உன் முகம் எப்படி மலரும்னு நினைச்சுக்கிட்டே வரைஞ்சேன்.

உன்,
வாத்து


ஜூலை 25

வாத்துப்பயலே,

ஆந்தைக்காக அழுதேன்டா. பாவிங்க. நீ மனசை விட்டுடாதே. நீர்நாய் சேதி படிச்சுட்டு அக்காவைக் கூப்பிட்டு ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். தாய் எந்த நேரத்துல இரை தேடப் போகுது? குட்டிங்க எவ்வளவு நேரம் தனியா இருக்கும்? ஒண்ணு விடாம எழுது.

நெட்டை


செப்டம்பர் 2

நெட்டையா,

நேத்து மதகுகிட்ட ஒருத்தனைப் பிடிச்சேன். தாய் கம்பிக் கண்ணியில செத்துக் கிடந்துச்சு. தப்பிக்கத் தன் காலைத் தானே கடிச்சிருந்துச்சு. குட்டிங்க அவன் சாக்குல. ஒண்ணு அதுக்குள்ளயே மூச்சுமுட்டிப் போயிருச்சு. இன்னொண்ணு என் மடியில, பஞ்சைப் பால்ல நனைச்சு வச்சப்போ.

வன இலாகாக்காரங்க அவனைக் கொண்டுபோனாங்க. அவன் சட்டைப் பையில ஒரு காகிதம். என் கையெழுத்து. உனக்கு நான் போட்ட படம்.

வீட்டுக்கு யார் யார் வந்து போறாங்க? உன்கிட்ட இருந்து எவனோ திருடியிருக்கான். அக்காவை உஷாரா இருக்கச் சொல்லு. உடனே பதில் போடு.

வாத்து


செப்டம்பர் 14

வாத்து,

யாரும் திருடலை. நான்தான் கொடுத்தேன். எதிர் வீட்டுக்குக் கிளிக்கூண்டு விக்க வர்றவனைப் படுக்கையில இருந்தே கூப்பிட்டேன். ரெண்டு படத்தையும் காசு வாங்காமச் சும்மாதான் கொடுத்தேன், சத்தியமா.

ஏணி வழுக்கிருச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்ன. அக்காகூட நம்பினா. நான் மேல இருந்து உன்னைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஏதோ பறவை பறந்துச்சு. நீ ஏணியில இருந்து கையை எடுத்துட்டு பைனாகுலரைத் தூக்கின.

"என் தப்பு"ன்னு நீ ஒரு வரி எழுதுவன்னு காத்திருந்தேன். நீ ஆந்தையை எழுதின. நாரையை எழுதின. உனக்குப் பிடிச்சது ஒவ்வொண்ணாப் போகணும்னு தோணுச்சு. படுத்த படுக்கையில என்னால செய்ய முடிஞ்சது அவ்வளவுதான்.

இப்போ எப்படி இருக்கு?

நெட்டை


டிசம்பர் 20

அன்புள்ள வாத்து,

மூணு மாசமா உன்கிட்ட இருந்து ஒரு வரி இல்லை. திட்டியாவது எழுதேன்டா. குளிருக்கு ஏரிக்கு உன் சொந்தக்காரங்க வந்தாச்சா? ஊசிவால் வாத்து?

பத்து நாளா ஜன்னல்ல ஒரு பறவை வந்து கத்துது. ஜன்னல் என் தலைமாட்டுல இருக்கு, எனக்குக் கழுத்து அவ்வளவு திரும்பாது. அக்காவைக் கேட்டா, "ஏதோ குருவிடா, தூங்கு"ங்கிறா. முதல்ல ரெண்டு சின்ன விசில். கொஞ்சம் நிறுத்தி, டம்ளரை ஸ்பூனால தட்டின மாதிரி மூணு. வேற எதுவும் வேண்டாம், அது என்னன்னு மட்டும் சொல்லிடு. தெரியாமப் படுத்திருக்கிறது பைத்தியம் பிடிக்குது.

நெட்டை


ஜனவரி 6

நெட்டை,

ஆமா. கையை எடுத்தேன். பைனாகுலரைத் தூக்கினேன். ஒவ்வொரு தடவையும் அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வேற எதையாவது எழுதிட்டு எழுந்தேன். என் தப்புதான்.

நீ எழுதியிருந்த சத்தத்தைப் படிச்சதுமே என்ன பறவைன்னு தெரிஞ்சுபோச்சு. நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு தடவைதான் அதைப் பார்த்திருக்கோம்.

சொல்ல மாட்டேன்.

வாத்து