நம்பக் கூடாத முகவரி

இன்று காலை முதல் வேலையாக நம் ரிப்பேர் கடையைத் திறந்து, வீரபாண்டியிலிருந்து வந்திருந்த காலர் பின்னும் மெஷினின் கணினிப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன். உள்ளே விசிறி சுழன்றதும் சூடேறிய பஞ்சு வாடை எழுந்தது. கூடவே நம் பழைய எச்சரிக்கை திரையில் ஓடியது. உன்னிடம் காட்டுவதற்காகப் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

முதன்முதலில் அதைப் பார்த்தபோது நாம் அடித்த கூத்து நினைவிருக்கிறதா? பனியன் பின்னும் இந்த ஊரில் எது நின்றாலும் பழி பஞ்சின் மேல்தான். நாமும் காற்றடித்தோம், பிரஷ் போட்டுத் துடைத்தோம், மெமரியை மாற்றினோம். பளபளவென்றிருந்த பெட்டி அதே எச்சரிக்கையைக் காட்டியது. "பஞ்சு பாவம் புள்ள, அத உட்டுரு" என்று சொல்லிவிட்டு, ஓடிய வரிகளை ஒவ்வொன்றாகப் படிக்க உட்கார்ந்தாய். உன் மதியச் சோறு ஆறிப்போனது.

கண்டுபிடித்தது நீதான். கணினி விழித்ததும், எந்த உறுப்பு எந்த நினைவக முகவரியில் இருக்கிறது என்று போர்டிலேயே பதிந்து வந்த ஃபர்ம்வேர் என்ற நிரல்தான், கணினியை நடத்தும் மூல நிரலான கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். ஊசிகளை இயக்கும் கார்டுக்கு அது சொன்ன முகவரியோ, கெர்னல் தன் சொந்த வேலைக்கு வைத்திருந்த இடத்துக்குள் விழுந்தது. கெர்னல் எச்சரித்துவிட்டு மேலே போகும். காலர் பாதி பின்னியிருக்கும்போது மெஷின் நின்றுவிடும்.

"மாப்ள ஊட்டுக்காரங்களுக்கு ரூமுன்னு சமையக்கட்டக் காட்டி உட்டிருக்கான் புள்ள! சோறு எப்படி வேகும்?" நீ சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

இந்தப் போர்டு என்றால் ஃபர்ம்வேர் பேச்சைக் கேட்காதே, இந்த முகவரியை எடுத்துக்கொள் என்று கெர்னலில் சில வரிகள் சேர்த்தாய். மெஷின் ஓடியது. கெர்னல் யாரும் எடுத்துப் பயன்படுத்தும் பொது நிரல்; அதைப் பராமரிப்பவர்களுக்கு இதை அனுப்பினால் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்குமே என்றேன். நீ அடிக்க வராத குறை.

"ஏம்புள்ள, நம்ம சோத்துல நாமளே மண்ணள்ளிப் போடறதா? மூச்சு உடாத!"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்தச் சில வரிகளுக்காகத்தானே பல்லடத்திலிருந்தும் அவிநாசியிலிருந்தும் நம் கடையைத் தேடி வந்தார்கள். இன்றும் என் அடுப்பு எரிவது பெரும்பாலும் அதனால்தான்.

கொஞ்ச நேரத்தில் மெஷின்கார அம்மா வந்தார். கணவரும் அவருமாகச் சின்னதாகக் காலர் பின்னிக் கொடுக்கிறார்கள். கடை கடையாக ஏறி, மெமரி மாற்றி, பஞ்சு ஊதி, கடைசியில்தான் என்னிடம் வந்திருக்கிறார். உன் வரிகளைப் போட்டு ஓட்டிக் காட்டினேன்.

"ஏனுங்கக்கா, இது உங்களுக்கு மட்டுந்தான் தெரியுமுங்களா?"

"எங்கூட ஒருத்தி இருந்தாளுங்க. இப்ப இல்லீங்க."

அவர் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டே கேட்டார்: "அப்ப, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க யாருகிட்டப் போறதுங்க?"

கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. பிழைப்பைப் பற்றிய பயம்தான். அவர் போனபின் உன் வரிகளைத் திறந்து மறுபடி படித்தேன். திரையில் ஓடுவதைக் கடைசி வரி வரைக்கும் படிக்கும் பொறுமை உன்னிடமிருந்துதான் எனக்கு ஒட்டிக்கொண்டது. இந்த வரிகள் கையைவிட்டுப் போனாலும், அந்தப் பொறுமையை வைத்து அடுத்த கோளாறைக் கண்டுபிடித்துப் பிழைத்துக்கொள்வேன் என்றே நினைக்கிறேன்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வரிகளை நாளைக்குக் கெர்னல்காரர்களுக்கு அனுப்பப் போகிறேன். எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயர்தான் இருக்கும். திட்டுவதென்றால் திட்டிக்கொள், புள்ள.