முப்பது வீட்டில் சொன்ன கதை

மண்ணரை,
19.9.93

மகன் மூக்கையாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் தங்கை சின்னத்தாயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், படிக்கப் போன அந்தச் சீமைக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று மாரியம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். இது உடம்பைப் பற்றி மட்டும். மனசைப் பற்றி இனிமேல்தான் எழுதப் போகிறேன், அதனால் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. இங்கே மழை இல்லை, போர்க்குழாய்த் தண்ணீரெல்லாம் சாயப்பட்டறைத் தண்ணீராகிவிட்டது, லாரி வந்தால்தான் குடிக்கத் தண்ணீர். பனியன் கம்பெனியில் தீபாவளி ஆர்டருக்கு ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது. சின்னத்தாய் கைமடிக்கிற எடுபிடி வேலையிலிருந்து ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினுக்கு ஏறிவிட்டாள். மற்ற நாளாக இருந்தால் இதை மட்டும் ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பேன்.

போன மாசம் நீ எழுதியிருந்தாய், அந்த ஊரில் மூடிப்போன காலுறை மில்களில் வேலை பார்த்த வயசான பெண்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுக்கிறேன், முதலில் யாரும் வாயே திறக்கவில்லை, டீயைக் கொடுத்து மழையைப் பற்றிப் பேசி அனுப்பிவிட்டார்கள், இப்போது ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன், டேப்பை ஓட விட்டதும் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுகிறார்கள், முப்பது வீடு முடித்துவிட்டேன் என்று. அந்தக் கடிதத்தை நான் கம்பெனியில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் எல்லாரும் கேட்கப் படித்தேன். என் மகன் கெட்டிக்காரன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அது என்ன வழி என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

பத்து நாளைக்கு முன்னால் கம்பெனி விலாசத்துக்கு என் பெயரில் வெளிநாட்டுக் கடிதம் வந்தது. உன் கையெழுத்து இல்லை, அழகாகச் சாய்த்து எழுதிய பொம்பளைக் கையெழுத்து. என்னோடு செக்கிங்கில் நிற்கும் முனவர் பேகத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெள்ளைக்கார மருமக கடுதாசி போட்டிருக்கறாளுங்க, ராமுத்தாயி இனி கவுன் போட்டுக்கிட்டுத்தான் வேலைக்கு வருவாங்க என்று கேலி செய்தாள். ஆபீசில் இங்கிலீஷ் தெரிந்த உமர் தம்பியை டீ நேரத்தில் கூட்டி வந்தார்கள். அந்தத் தம்பி என்னைத் தனியாக அழைத்துத்தான் படிக்கப் பார்த்தது. சத்தமா படிங்க தம்பி, எல்லாரும் கேக்கட்டும் என்று சொன்னது நான்தான். பதினெட்டுப் பேர் கையில் டீயோடு நின்றார்கள், சின்னத்தாயும் மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள்.

எழுதியவர் பெயர் டாரத்தியாம். நாற்பது வருஷம் காலுறைக்கு விரல் பக்கம் தைத்தவராம். நீ பேச்சோடு சொன்ன கம்பெனிப் பெயரை வைத்து விலாசத்தைத் தேடிப் பிடித்தாராம். உமர் தம்பி ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னது. உங்கள் மகன் உங்கள் கதையைச் சொன்னபோது அழுதுவிட்டேன், உங்கள் புருஷன் தோசைக் கரண்டியைக் காய வைத்து உங்கள் கையில் இழுத்ததையும், நீங்கள் இரண்டு குழந்தைகளோடு பஸ் ஏறி வந்ததையும், அவர் உயிரோடு இருக்கும்போதே விதவை என்று சொல்லிப் பிழைத்ததையும் சொன்னான், நானும் ஒரு காலத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்படி வெளியேறியவள்தான், அதனால்தான் உங்களுக்கு எழுதத் தோன்றியது என்று. நடுவில் உமர் தம்பி தயங்கி, நிறுத்திக்கட்டுங்களாக்கா என்று கேட்டது. நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன், அதை மேலே படிக்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டு பாவம் கடைசி வரைக்கும் படித்துவிட்டது.

முனவர் பேகம் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். பதினேழு வருஷமாக அயர்ன் பாக்ஸ் பட்ட தழும்பு என்று நான் சொல்லி வைத்த கை. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் அவள்தான், அயர்ன் டேபிள் பக்கம் சூதானமா இருங்க கண்ணு, அக்கா கையப் பாருங்க என்று என் கையைத் தூக்கிக் காட்டியே புத்தி சொல்லுவாள். அன்றைக்குச் சாயந்திரம் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே கேட்டாள், ஏனுங்க ராமுத்தாயி, ஒரே டப்பாவுல கை போட்டுத் தின்னோமே, எங்கிட்டச் சொல்லோணும்னு ஒரு நாளாவது தோணலீங்களா என்று. உன்னிடம் கேட்பதற்காக நானும் ஏறக்குறைய அதே கேள்வியைத்தான் மனசுக்குள் வைத்திருந்தேன். அவள் கழுவிய டப்பாவை வாங்கித் துடைத்துப் பையில் வைத்தேன். உன்னிடம் பதில் இருக்கிறதா.

மூக்கையா, தாராபுரம் பஸ் ஸ்டாண்ட் உனக்கு ஞாபகம் இருக்கும். மத்தியான வெயிலில் குழாயடியில் நான் பொட்டை அழித்து, தாலியைக் கழற்றி முந்தானையில் முடிந்தபோது பக்கத்தில் நின்றவன் நீ. தங்கை என் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா எங்கேன்னு யார் கேட்டாலும் லாரியில அடிபட்டுச் செத்துப் போயிட்டார்னு சொல்லணும்யா என்றேன். சரிம்மா என்றாய். அப்போது உனக்கு ஆறு வயசு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டார், வாடகை வீட்டுக்காரம்மா கேட்டார், ஒருத்தரிடமும் நீ வாய் தவறவில்லை. அந்த ஆறு வயசுப் பையனை நம்பித்தான் நான் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்தேன். இருபத்து மூன்று வயசில், படித்து முடித்த பிறகு, அடுத்தவர் வாயைத் திறக்க வைக்கும் சாவியாக அதையே எடுத்துக்கொண்டாய். ஆறாயிரம் மைல் தள்ளி இருப்பவர்கள்தானே, அம்மா காதுக்கா வரப்போகிறது என்று நினைத்திருப்பாய். உன் புரொபசர் இதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார். நான் வைத்திருக்கும் பெயர் துரோகம்.

அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல மனசோடு எழுதியிருக்கிறார். நான் எழுதிய பதிலை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன், கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் படித்துக் காட்டு. படிக்கும்போது டேப்பை ஓட விடாதே.

வேலையும் போகவில்லை, வீடும் போகவில்லை, ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மிச்ச நாளைத் தள்ளிவிடுவேன். என்னைக் கலங்க அடிப்பது உன் தங்கைதான். அன்றிலிருந்து எனக்கு முதுகைக் காட்டித்தான் படுக்கிறாள். மூன்றாம் நாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை யாருக்கும்மா காக்காய்க்குச் சோறு வச்சோம் என்று. தப்பு என் மேலும் இருக்கிறது. செத்தவரைப் பற்றி ஏன் குறையாகச் சொல்ல வேண்டும் என்று, அவளைத் தோளில் தூக்கித் திரிந்தார், சாத்தூர்ச் சந்தையிலிருந்து சேவு வாங்கி வருவார் என்று ஒரு நல்ல மனுஷனை நானே செய்து அவளுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது அந்த நல்ல மனுஷன் உயிரோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டால் பெண் பிள்ளைக்கு எப்படி இருக்கும். தீபாவளி லீவுக்கு எல்லாரும் தெக்கே பஸ் ஏறும்போது நானும் போறேன், எங்கப்பாவைப் பாக்கணும் என்கிறாள். கையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். இத்தனை வருசம் அயர்ன் பாக்ஸ்னு சொன்ன வாய்தானேம்மா இது, நான் எதை நம்ப என்று கேட்டுவிட்டாள். அந்த ஆள் கண்ணில் அவள் பட்டால் நம் மூன்று பேரையும் நிம்மதியாக இருக்க விட மாட்டார், அது உனக்குத் தெரியும்.

பாசிப்பயறு மாவு, பருப்புப் பொடி இரண்டும் தனியாக பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தலைக்கு எண்ணெய் வை, வெறும் ரொட்டியைத் தின்று காலம் தள்ளாதே. எங்கே இருந்தாலும் நோய் நொடியில்லாமல் நன்றாக இரு, படிப்பை முடித்துப் பெரிய ஆளாக வா, அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பன்னிரண்டு நாள், உன் பதில் இங்கே வரப் பன்னிரண்டு நாள், தீபாவளி நவம்பர் பதின்மூன்று. என்னிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு காகிதத்தைத் தனியாக வீணாக்காதே. தங்கை பெயர் போட்டு எழுது. அன்றைக்கு அடுப்படியில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தபோது அப்பா என் கையில் கரண்டியை இழுத்ததை நீ கண்ணால் பார்த்தாயே, அதை எழுது. முப்பது வீட்டில் சொன்னாயே, சொல்ல வேண்டிய வீட்டில் ஒரு தடவை சொல்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ராமுத்தாய்