கேட்டது நான்தான்

மார்ச் 3
இன்றும் வரவில்லை. நாலாவது மாசம்.

மார்ச் 6
சலவைக்கூடத்தில் துணி தேய்க்கும் உருளை மெஷினில் படுக்கை விரிப்பு விடுகிறோம். ஒரு முனை நான், மறு முனை கண்ணாடி அக்கா. ஒரு சுருக்கம் விழாது. அதில் எனக்குக் கர்வம் உண்டு. எழுதினால் என்ன?

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"முப்பத்தொம்பது ஆகுதுல்ல, கடை சாத்துற நேரம்டி. இல்லன்னா வீட்டுக்காரர் கைவரிசையா?"

சிரித்துவிட்டேன். மகள் போனதற்கப்புறம் இன்றுதான்.

மார்ச் 7
மருந்துக் கடையில் கர்ப்பச் சோதனை அட்டை வாங்கிச் சோதித்தேன். ஒரு கோடுதான். அவர் வாசலில் நின்றிருந்தார். "என்ன?" என்றார். "இல்ல" என்றேன். சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

மார்ச் 11
எழுதலாமா? யார் படிக்கப் போகிறார்கள்.

குளிக்கும்போது மாரில் பால் வந்தது. இரண்டு பக்கமும். மகளுக்குப் பால் மறக்கடித்து எட்டு வருஷம். பத்து வயசில் காய்ச்சலில் போனவள் இப்போது வந்து கேட்கிறாளா? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொன்னா நிறுத்திடுவாங்க. இது என் புள்ளையோடது.

மார்ச் 15
மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். அவள் கூப்பிடுவது காதில் கேட்கிறது என்று நான் கத்தினதற்கு மனநல டாக்டர் கொடுத்தது. ஆரம்பித்தது நவம்பரில். கடைசியாக மாதவிலக்கு வந்ததும் நவம்பரில்.

இதுதானா? அப்படின்னா பால் அவளுக்கில்லையா? டாக்டரிடம் கேட்காமல் இருந்தால் அவள் என்னோடு இருப்பாள். கேட்டால் —

மார்ச் 18
போனேன். பெண்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். எடை குறைந்ததா, சாப்பிடுகிறேனா, தைராய்டு உண்டா.

"கர்ப்பம், கவலை, ரொம்ப இளைக்கிறது, தைராய்டு, சினைப்பையில நீர்க்கட்டி, வயசு... எதுனாலயும் நிக்கலாம்மா" என்று பேனாவை மூடினார். எழுந்திருக்க வேண்டியதுதான். எழுந்திருக்கவில்லை. அட்டையை மேஜையில் வைத்தேன்.

"பாலும் வருது டாக்டர். இதைச் சாப்பிட ஆரம்பிச்சதுக்கு அப்புறம். இதுனாலயா?"

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது."

"பால் வர்றதை நிறைய பேர் மறைச்சிடுவாங்க. நீங்க சொன்னதாலதான் எந்த ரத்தப் பரிசோதனை முதல்ல பண்ணணும்னு எனக்குத் தெரியுது. மாத்திரையை நீங்களா நிறுத்திடக் கூடாது, சரியா?"

நடந்தே வீட்டுக்கு வந்தேன். தலை நிமிர்ந்திருந்தது, எனக்கே தெரிந்தது.

மார்ச் 22
மாத்திரையால்தான். பால் சுரக்க வைக்கும் சத்து ரத்தத்தில் ஏறியிருக்கிறதாம். இரண்டு டாக்டரும் பேசி வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

அவளுக்காக வந்ததல்ல. அழுது தீர்த்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். ஆனால் கேட்டது நான்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 20
பால் நின்றுவிட்டது. அவள் குரலும் கேட்கவில்லை. அவள் முகம் மட்டும் தெளிவாக இருக்கிறது.

மே 9
வந்துவிட்டது.

மே 14
சாப்பாட்டு வேளையில் அக்கா டப்பாவைத் திறக்கவேயில்லை.

"என் பொண்ணுக்கு அஞ்சு மாசமா வரலடி. நான் வேற மாதிரி நினைச்சு அடிச்சுட்டேன். சோதிச்சா அதெல்லாம் ஒண்ணுமில்ல. இப்ப எங்கிட்ட பேசவே மாட்டேங்குறா. உன் டாக்டரம்மாகிட்ட போகணும், கூட வர்றியா?"

"வர்றேன். ஆனா டாக்டர் கேட்டா அவளே சொல்லட்டும். நீங்க வாயைத் திறக்கக் கூடாதுக்கா."

அக்காவை நான் அதட்டி இதுவரை பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை. தலையாட்டினாள்.

மே 16
பெஞ்சில் மூன்று பேரும் காத்திருந்தோம். அக்காவின் மகள் அம்மாவை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். என்ன சாப்பிடுகிறாள், என்ன மாத்திரை போடுகிறாள், எல்லாவற்றையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொன்னேன். "எனக்கு என்ன வந்ததுன்னு தெரியுமா?" என்று பால் வந்த கதையைச் சொன்னேன். குரலைத் தாழ்த்தவில்லை. எதிரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

உள்ளே கூப்பிட்டார்கள். அக்கா எழுந்தாள். அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா இங்கேயே இருக்கட்டும். நீங்க வாங்க சித்தி."

போனேன்.