போல்ட் ஒரு பக்கம், நட்டு ஒரு பக்கம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

நம் இரும்புச் சாமான் கடையைப் பிரித்தே தீரவேண்டும் என்று உன் அண்ணனும் தம்பியும் ஒற்றைக்காலில் நின்றபோது உன்னிடம் யோசனை கேட்டேன், நீயும் நீதியைப் பற்றிப் படிக்கிற பாடத்திலிருந்து ஆறு பக்கம் எழுதினாய். எந்தப் பங்கு தனக்கு வரும் என்று தெரியாதவன்தான் நியாயமாகப் பிரிப்பானாம். மூட்டை சுமந்து நான் உண்டாக்கிய கடைக்குப் புத்தகத்தில் என்ன நியாயம் என்று முதலில் எரிச்சல்தான், ஆனாலும் பிடித்துப்போயிற்று. முதலில் பிரியுங்கள், எது யாருக்கு என்று சீட்டு அப்புறம் போடலாம் என்றேன். மட்டமான பங்கு தன் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் இந்தப் புத்திசாலிகள் செய்ததைக் கேள். ஒருவன் வியாபாரம் மற்றவனுடையதை மிஞ்சக்கூடாதென்று, சேர்ந்து விற்கிற சாமானையெல்லாம் ஆளுக்கொன்றாக வைத்துவிட்டார்கள். போல்ட் ஒரு பக்கம், நட்டு ஒரு பக்கம், பெயின்ட் இங்கே, பிரஷ் அங்கே. சீட்டும் போட்டு கடை நடுவில் தடுப்புப் பலகையும் அடித்தாயிற்று. மறுநாள் காலை வந்த பிளம்பர் போல்டுக்கு நட்டு அளவு பொருந்தாமல் நாலு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துவிட்டு, உங்க நியாயம் உங்க ரெண்டு பேருக்குச் சரி முதலாளி, என்னை யாராவது கேட்டீங்களா என்று கத்தினார். இருபது வருஷமாக எடை போடுகிற நம் தராசுக்காரர் பலகையின் நுனியில் நின்றுகொண்டு, நான் யார் பங்குன்னு ஒருத்தரும் சொல்லலையே என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார். உன் அம்மாதான் போட்டு உடைத்தாள். தான் யாருன்னு மறந்துட்டுப் பிரிங்கன்னு சொன்னா இவனுங்க அண்ணன் தம்பிங்கறதையே மறந்துட்டானுங்க, என் சமையலை எந்தப் பங்குல எழுதினீங்க என்று கேட்டுவிட்டு, ஒரே கேரியரில் சாப்பாட்டைப் பலகைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பசி வந்ததும் பலகையைக் கழற்றினார்கள், அதற்கும் ஸ்க்ரூடிரைவர் இவன் பங்கில், சுத்தியல் அவன் பங்கில். உன் பாடத்தை மறுத்து எழுதியவர்களும் உண்டு என்றாயே, அவர்களையும் நன்றாகப் படி, உன் அம்மா அவர்கள் கட்சி.

இன்னொன்று. உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். ஆறு பக்கத்திலும் உனக்கென்று பங்கு கேட்டு ஒரு வரிகூட இல்லை. நானும் இரண்டு சீட்டுதான் எழுதினேன், மூன்றாவது எழுதத் தோன்றவே இல்லை. நியாயம் பேசிய வீட்டில் அதுதான் பெரிய தப்பு, என் தப்பு. கடை இனிப் பிரியாது, பிரிந்தால் மூன்றாகத்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அண்ணனும் தம்பியும் முணுமுணுக்காமல் சாட்சி போட்டார்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து நீட்டினேன்.

நீடூழி வாழ்க. லீவு எப்போது என்று மறக்காமல் எழுது, உன் பங்கை நீயே வந்து பார்க்கவேண்டும். இப்போதைக்கு அது தராசுக்காரர் உட்காருகிற இடம், அவரை எழுப்ப எனக்குத் தைரியமில்லை.

உன் அப்பா