எழிலுக்கு ரத்தம் பார்த்துவிடு

சிதம்பரம்
17.10.2010

அன்புள்ள தம்பி கொளஞ்சியப்பனுக்கு,

அக்கா அமராவதி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை, இன்றைக்கு அந்த வார்த்தையை எழுத மாட்டேன் என்கிறது. நீயாவது மஸ்கட்டில் நல்லபடியாக இரு. போனில் பேசினால் நான் அழுகிறேன், நீ வைத்துவிடுகிறாய். போன வாரம் எடுக்கவே இல்லை. அதனால்தான் கடிதம். இதைக் கடைசிவரை படித்துவிடு, அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள்.

உன் மாமா இருக்கிறார். காலையில் கடையைத் திறக்கிறார், மதியமே சாத்திவிட்டு வந்து செம்பியன் கட்டிலில் படுத்துக்கொள்கிறார். நானும் ஏதோ வடித்துக் கொட்டுகிறேன். ஒரே பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ரசத்துக்கு உப்பு போதுமா என்று பார்க்கிறேன் பார், என்ன ஜென்மமோ இது.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்த செம்பியன் ரத்தத்துக்கு ரிசல்ட் வந்துவிட்டது. பிள்ளையின் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு வந்தது. இங்கே டாக்டரம்மா எங்கள் ரெண்டு பேரையும் உட்கார வைத்து விளக்கினார். அவனுக்கு ரத்தசோகையே இல்லையாம். இரும்புச் சத்து ஜாஸ்தியாம். சாப்பாட்டில் இருக்கிற இரும்பை நம் உடம்பு வேண்டிய அளவுதான் எடுத்துக்கொள்ளுமாம், அவன் உடம்புக்குப் போதும் என்று நிறுத்தத் தெரியவில்லை. அது ஈரலிலும் இருதயத்திலும் போய்ப் படிந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினான், முகம் கறுத்துப்போனான், விரல் முட்டியெல்லாம் வலிக்கிறது என்றான். பார்த்தவர்கள் எல்லாம் ரத்தம் இல்லை, ரத்தம் இல்லை என்றார்கள். முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், டானிக் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவனும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டான்.

நீ கொடுத்தனுப்பிய இரும்பு மாத்திரையைப் பற்றி எழுதாமல் விடத்தான் நினைத்தேன். மருமகன் மேல் உயிரை வைத்து அனுப்பினாய். உன்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அம்மா மேல் சத்தியம். ஆனால் கடலூரில் உன் வீட்டு அலமாரியிலும் அதே டப்பா இருக்கிறது. தெம்பாக இருக்கட்டும் என்று உன் மகள் எழிலுக்குத் தினமும் மாலதி கொடுக்கிறாள். அதனால்தான் எழுத வேண்டியதாயிற்று. முதலில் அதை நிறுத்தச் சொல்.

இது பரம்பரையாக வருகிறதாம். அப்பனிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று மரபணு ரெண்டும் பழுதாக வந்தால்தான் பிள்ளைக்கு நோய். ஒன்று மட்டும் என்றால் ஒன்றும் செய்யாது. பார்த்ததில் எனக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று. நீங்கள் ரெண்டு பேரும் சொந்தமா என்று டாக்டரம்மா கேட்டார். தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறேன் என்றேன். அதோடு விட்டோமா? உறவு விட்டுப்போகக் கூடாது என்று மாமாவின் அண்ணன் மகள் மாலதியையே உனக்குக் கட்டினோம். எங்களிடம் இருக்கிற பழுது உங்கள் ரெண்டு பேரிடமும் இருக்கலாமாம். அப்புறம் உன் மகளை என் மகனுக்குப் பரிசம் போட்டோம். எவ்வளவு பெருமை நமக்கு!

காரியத்துக்கு வந்தபோது எழிலைப் பார்த்தேன். துக்கத்தில் வாடியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் காப்பி டம்ளரைப் பிடிக்க முடியாமல் விரலை நீவிக்கொண்டே இருந்தாள். முகமும் அவனைப் போலவே கறுத்திருந்தது. தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். ஆண்பிள்ளைக்கு எழுதுகிற விஷயம் இல்லை, ஆனாலும் நீ அப்பன், தெரிந்துகொள். மாதாமாதம் வருவது அவளுக்கு நின்று ரொம்ப நாளாகிறது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். உடனே கூட்டிவாருங்கள் என்றார்.

கடலூருக்கு ஓடினேன். மாலதி அழுகிறாள். ஏற்கெனவே ராசியில்லாத பெண் என்று பேசுகிறார்கள், இதில் ரத்தத்தில் கோளாறு என்று தெரிந்தால் இப்போது பெண் கேட்டு வந்திருக்கிற குறிஞ்சிப்பாடி மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்ப்பார்களா என்று கேட்கிறாள். அவர் சொன்னால் அனுப்புகிறேன் என்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சலில் அக்கா நம் பெண் வாழ்வைக் கெடுக்கப் பார்க்கிறாள் என்று நீ சொன்னாயாமே. ஏன்டா, உனக்கு எப்படிடா வாய் வந்தது? அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கினது நான்தானே.

பெரிய வேலை ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். இரும்பு ஜாஸ்தி என்றால்தான் மரபணு பார்க்க வேலூருக்கு அனுப்புவார்கள். நோய் இருந்தாலும் பயமில்லையாம். வாராவாரம் ஒரு பாட்டில் ரத்தம் எடுத்துக்கொண்டே வந்தால் இரும்பு தானாக இறங்கிவிடுமாம். நம் பிள்ளைக்கு இருதயம் கெட்ட பிறகுதான் ரத்தத்தை வேலூருக்கு அனுப்பினோம். முன்னாலேயே தெரிந்திருந்தால் இவ்வளவுதான் வைத்தியம் என்று டாக்டரம்மா சொன்னபோது மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

குறிஞ்சிப்பாடி சம்பந்தம் நல்ல சம்பந்தம். அவர்கள் நமக்கு உறவில்லை, அதுவே நல்லது. நானே போய் அவர்கள் காலில் விழுந்தாவது எடுத்துச் சொல்கிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் போகட்டும், பெண் வீட்டோடு இருக்கட்டும். இருந்தால் போதாதா?

மாலதிக்கு ஒரு போன் போடு. எழிலை அக்காவோடு அனுப்பு என்று ஒரு வார்த்தை சொல். அப்புறம் என்னோடு ஆயுசுக்கும் பேசாவிட்டாலும் சரி.

செம்பியனை எடுத்தபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை. அதை நானும் மாமாவும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எழில் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கத்தான் நீ லீவு போட்டு வர வேண்டும். வேறு எதற்கும் நீ அவசரமாக ஏரோப்ளேன் ஏறி வரக் கூடாது, என் சாமி.

எல்லாரும் ஆயுசோடு இருங்கள்.

உன் அக்கா
அமராவதி